கரியில் எழுதிய குழந்தைகள்

தாது வருடப் பஞ்சத்தின் நினைவு தென் தமிழ்நாட்டில் இன்னும் முழுக்க அழியவில்லை. 1876இல் மழை பொய்த்தது, மறு ஆண்டும் பொய்த்தது. இரண்டு ஆண்டில் இந்தியாவில் மாண்டவர்கள், குறைத்து மதிப்பிடுவோர் கணக்கிலேயே 55 லட்சம் பேர். அந்தப் பஞ்சத்தின் முகமாக உலகம் அறிந்திருப்பவை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் எடுத்த ஒளிப்படங்கள். விலா எலும்பை எண்ணிவிடக்கூடிய பெரியவர்களுக்கு நடுவே, தலை மட்டும் பெரிதாகத் தெரியும் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டினி கிடந்தவர்களை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டாரே தவிர, அவர்களுக்கு எதுவும் செய்யவில்லை என்ற கடுமையான குற்றச்சாட்டு ஹூப்பர்மீது உண்டு. வானம் பொய்த்ததற்குக் குழந்தையின் உடலைச் சாட்சியாக நிறுத்திய படங்களில், நம் மண்ணில் இவை மூத்தவை.

அந்தப் படங்களில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். பசிபிக் கடலில் அப்போது, பருவமழையைக் குலைக்கும் எல் நினோ மிகக் கடுமையாக உருவாகியிருந்தது என்பது பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டுசொன்னது. பஞ்சத்தின்போதும் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது. 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்வோரின் அரிசியை நாளுக்கு ஒரு பவுண்டாக, அதாவது அரைக் கிலோவுக்கும் கீழே, குறைத்தார். இவை எதுவும் படச் சட்டத்துக்குள் வரவில்லை. குழந்தை இருக்கிறது, குழந்தையை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவை இல்லை.

இன்று காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச முனையும் ஓவியர்கள் பலரும் குழந்தையைத்தான் வரைகிறார்கள். அவர்களில் ஒரு சாரார் வண்ணத்தை விட்டுவிட்டுக் கரித்துண்டைக் கையில் எடுக்கிறார்கள். வெள்ளத்தில் நிற்கும் சிறுமி, வெடித்த ஏரியில் குடத்தோடு நடக்கும் சிறுவன் என்று பார்த்தவுடன் மனம் கசியவைக்கும் படங்கள் அவை. இந்த வகை ஓவியத்தால் எது முடிந்திருக்கிறது, எது முடியவில்லை, இனி எது முடியும் என்பதே இங்கே ஆராயும் கேள்வி. கேள்வியைப் பழனி மலையில் கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் வைத்துப் பார்க்கிறேன். அதற்கான காரணம் போகப் போகத் தெரியும்.

கரியும் குழந்தையும் பஞ்சமும் ஒன்றாகச் சேர்ந்த மிகப் பெரிய இந்திய நிகழ்வு 1943இன் வங்கம். கல்கத்தா கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜைனுல் ஆபெதின், கரியை எரித்துத் தாமே மை செய்து, பொட்டலம் கட்டும் மலிவுத் தாளில் நடைபாதைப் பிணங்களை வரைந்தார். குப்பைத் தொட்டிக்குள் கைவிடும் மனிதன், பக்கத்தில் காகம், தாயின் வற்றிய மார்பில் குழந்தை. சில தடித்த கோடுகளுக்கு மேல் அவர் செலவிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஓவியர் சித்தபிரசாத் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து வரைந்தார். கூடவே குறிப்பும் எழுதினார். எந்த ஊர், அங்கே அரிசி என்ன விலை, யார் பதுக்கினார்கள் என்பதைச் சேர்த்தே ‘பசித்த வங்கம்’ என்ற நூலாக்கினார். அச்சிட்ட 5,000 படிகளைப் பிரிட்டிஷ் அரசு பறித்து அழித்தது. ஹூப்பரின் படங்களுக்கு அப்படி ஒரு கதி நேரவில்லை. துயரத்தை மட்டும் காட்டும் படத்தை அதிகாரம் பொறுத்துக்கொள்ளும், பொறுப்பையும் சேர்த்துக் காட்டினால் பொறுக்காது என்பதற்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே போதும்.

வங்கப் பஞ்சத்தில் வானத்தின் பங்கு என்ன? 1942 அக்டோபரில் மேதினிப்பூர்க் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது உண்மை. ஆனால் காந்திநகர் ஐ.ஐ.டி.யின் விமல் மிஸ்ராவும் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, 1870க்குப் பிந்தைய இந்தியப் பஞ்ச காலங்களின் மண் ஈரத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, 1943இன் பஞ்சத்துக்கு வறட்சி காரணம் அல்ல, ஆட்சியின் கொள்கைத் தோல்வியே காரணம் என்ற முடிவுக்கு வந்தது. 1876இன் குழந்தையும் 1943இன் குழந்தையும் தாளில் ஒன்றுபோலவே தெரிகிறார்கள். ஒருவரை வறட்சியும் அரசும் சேர்ந்து வாட்டின, மற்றவரை வாட்டியது பெரும்பாலும் அரசு. மெலிந்த உடலை மட்டும் வரைந்தால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. காலநிலையைப் பற்றி வரைய முனையும் எந்த ஓவியரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டார். பசித்த ஜெர்மன் குழந்தைகளுக்காக 1920களில் அவர் செய்த கல்லச்சுச் சுவரொட்டியில் குழந்தைகள் வெறும் கிண்ணங்களை மேலே நீட்டிக்கொண்டிருப்பார்கள். கிண்ணத்தை நிரப்ப வேண்டியவர் படத்துக்கு வெளியே, பார்ப்பவரின் இடத்தில் இருக்கிறார். அந்தக் குழந்தைகளை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போய்விட முடியாது. அவர்கள் கேட்கிறார்கள், நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

கரி ஏன்? மலிவு என்பது ஒரு காரணம். அடுப்புக்கரியால் சுவரில் கிறுக்காத குழந்தை நம் ஊர்களில் ஒரு காலத்தில் இருந்ததில்லை. இன்னொரு காரணம் ஆழமானது. கரி, எரிந்த மரம். எந்த மரம், எந்தக் குளிரில், எந்த வெயிலில் வளர்ந்தது என்பதை அது தன்னுள் வைத்திருக்கும். பிரான்சின் ஷோவே குகையில் 36,000 ஆண்டுகளுக்கு முன் வரைந்தவர்கள் விட்டுச்சென்ற கரித்துண்டுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ எல்லாமே கடுங்குளிரைத் தாங்கும் பைன் மரத்தின் கரி என்று தெரியவந்தது. அவர்கள் வரைந்தவை சிங்கமும் காண்டாமிருகமும். வரையப் பயன்பட்ட கரியோ, அவர்கள் வாழ்ந்த பனிக்காலத்துக்குத் தனியே சாட்சி சொல்கிறது. அதோடு, கரிக்கோடு தாளில் ஊறுவதில்லை, மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை பட்டால் கலையும். எவ்வளவு அழித்தாலும் சாம்பல் நிறத் தடம் மிஞ்சும்.

அந்தத் தடத்தையே தன் கலையாக்கினார் தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ். 1989 முதல் அவர் எடுத்த அசைபடங்களில் ஒரே தாளில் வரைந்து, படம் பிடித்து, அழித்து, அதன்மேலேயே மறுபடி வரைகிறார். முன்பு அங்கே நின்ற மனிதனின், மரத்தின் நிழல் தாளைவிட்டுப் போவதே இல்லை. ஜோகன்னஸ்பர்க்கின் சுரங்கங்கள் தின்ற நிலத்தைச் சொல்ல அவருக்குக் கரி பொருந்தியது. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்து சாஸ்தி கிராமத்தில் 1986இல் பிறந்த பிரபாகர் பச்புதே இதே பாதையில் இன்னும் நெருக்கமாக நிற்கிறார். அவருடைய குடும்பம் தலைமுறைகளாக நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தது. கண்காட்சிச் சுவரிலேயே நேரடியாகக் கரியால் பேருருவங்களை வரைகிறார். மனித உடல்மீது தலை இருக்க வேண்டிய இடத்தில் கருவியோ விளக்கோ இருக்கும். 2021இல் ஆர்ட்டெஸ் முண்டி என்ற பன்னாட்டுக் கலை விருதை அவ்வாண்டின் ஆறு கலைஞர்களும் பகிர்ந்துகொண்டபோது அவர்களில் அவரும் ஒருவர். பூமியைச் சூடாக்கும் பொருளைத் தோண்டுபவர்களை அந்தப் பொருளின் உறவான மரக்கரியைக் கொண்டே வரைவதில் ஒரு நேர்மை இருக்கிறது. விளைவு மட்டுமல்லாமல் காரணமும் படத்துக்குள் வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு இங்கே வலுவான மரபு உண்டு. கே.எம். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி வரிசை அதன் உச்சம். எழுபதுகளின் சிற்றிதழ்களைப் புரட்டியவர்கள் அவருடைய கோடுகளை மறந்திருக்க மாட்டார்கள். சென்னையின் பார்வதி நாயர் கிராஃபைட் பென்சிலால் நீரை வரைந்துவருகிறார், 2014 கொச்சி பினாலேயிலும் அவர் படைப்பு இடம்பெற்றது. ஆனால் காலநிலையையும் குழந்தையையும் சேர்த்துக் கரியில் எழுதிய பெரும் வரிசை ஒன்று தமிழில் இன்னும் பேசப்படும் அளவுக்கு வரவில்லை. கரி நமக்குக் கலைப்பொருளாவதற்கு முன் பிழைப்பாகவே இருந்திருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, மூச்சு முட்ட எரியவைக்கும் கரிமூட்டங்கள் எத்தனையோ குடும்பங்களின் வாழ்க்கை. அங்கே கொத்தடிமைகளாக இருந்த குடும்பங்கள் பிள்ளைகளோடு மீட்கப்பட்ட செய்திகளும் வந்திருக்கின்றன.

கரியைப் பற்றி ஒரு தமிழ்க் குழந்தை உலக மேடையில் பேசியது 2021இல். திருவண்ணாமலையின் வினிஷா உமாசங்கர், தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். ஒரு வண்டிக்கு நாளுக்கு 5 கிலோ கரி என்பது அவர் போட்ட கணக்கு. கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் நின்றபோது அவருக்கு வயது 15. ஓவியர்கள் குழந்தையை வெள்ளத்தில் நிற்கவைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு குழந்தை கரித்துண்டைப் பார்த்து இது ஏன் எரிய வேண்டும் என்று கேட்டாள். நம் ஓவியர்கள் வரைய வேண்டிய குழந்தை இவளும்தான்.

எண்கள் சில. யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான காலநிலை அபாயக் குறியீட்டின்படி, உலகக் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதி, 100 கோடிப் பேர், மிக அதிக அபாயமுள்ள 33 நாடுகளில் வாழ்கிறார்கள். இந்தியாவும் அவற்றில் ஒன்று. அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 2020இல் பிறந்த குழந்தை 1960இல் பிறந்தவரைவிட 2 முதல் 7 மடங்கு வரை அதிகமான தீவிர வானிலை நிகழ்வுகளை, குறிப்பாக வெப்ப அலைகளை, வாழ்நாளில் சந்திக்கும் என்றது. பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடத்திய இன்னோர் ஆய்வில் 59 சதவீதத்தினர் காலநிலையை எண்ணி மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2023இல் வெயில் தாங்காமல் பள்ளித் திறப்பு ஜூன் 1இலிருந்து ஜூன் 12க்குத் தள்ளிப்போனது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அரசு அறிவித்தது. பள்ளி திறக்காத அந்த நாட்களில் ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் இருந்த பிள்ளையை யாராவது வரைந்தார்களா? வெயிலுக்கு வெள்ளத்தைப் போல வெளிப்படையான உருவம் இல்லை. ஓவியர்கள் அதைத் தவிர்ப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

செண்பகனூரில், காலநிலையை எப்படி வரைவது என்ற கேள்வி இன்னும் கடினமாகிறது. இங்கே குழந்தை மெலிந்திருக்கவில்லை, வெள்ளத்தில் நிற்கவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, புத்தகப் பையோடு, சரிவுப் பாதையில் பள்ளிக்கு ஏறிப்போகிறது. அதன் பின்னால் பச்சை மலை. எந்த ஓவியரும் இதைப் பேரழிவு என்று வரைய மாட்டார். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறி இந்த மலைவரை வந்து மரங்களைச் சாய்த்து, மண்ணைச் சரித்தபோது சில நாட்கள் கேமராக்கள் வந்தன. 2024 கோடையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காடு எரிந்தபோதும் வந்தன. பிறகு போய்விட்டன.

உண்மையில் இந்த மலையில் நடந்திருப்பது மெல்ல நடந்த மாற்றம். அரசுமணி, வி.வி. ராபின் உள்ளிட்டோர் 2018இல் வெளியிட்ட செயற்கைக்கோள் ஆய்வின்படி, 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் சோலைப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. இயற்கைக் காடும் 31 சதவீதம் குறைந்தது. அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டவை தோல் பதனிடவும் காகிதக்கூழுக்கும் என்று கொண்டுவந்த வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்கள். மீதி விவசாயம். புல்வெளியை ஒன்றுமில்லாத தரிசு என்று நினைத்ததன் விளைவு இது. நீலகிரியின் சேற்றுப் படிவுகளை ஆராய்ந்து ஆர். சுகுமார் குழுவினர் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, மேற்கு மலைகளின் உச்சியில் புல்லும் காடும் 20,000 ஆண்டுகளாகக் காலநிலைக்கேற்ப ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து வாழ்ந்துவந்ததைக் காட்டியது. பஞ்சுபோல மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் சிறுகச் சிறுக விடுவது அந்தப் புல்லும் சோலையும்தான். மஞ்சளாறும் மருதாநதியும் இங்கிருந்து இறங்கி வைகையில் சேருகின்றன. மழை நாட்கள் ஒழுங்கு தவறும் காலத்தில் மலை இப்படித் தன் சேமிப்பை இழந்து நிற்பது வத்தலக்குண்டிலும் தேனியிலும் உள்ள குழந்தையின் தண்ணீரைத் தொடும் விஷயம்.

2014இல் இங்கே பிறந்த பிள்ளைக்கு பைன் மரக்காடுதான் இயற்கை. சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுத்துக்கொள்ளும் அழகிய இடம். தாத்தா பார்த்த புல்மேடு அதன் நினைவிலேயே இல்லை, அதனால் இழப்பும் இல்லை. கடல் மீன்வளத்தை முன்வைத்து டேனியல் பாலி 1995இல் எழுதிய கருத்து இதற்குப் பொருந்தும்: ஒவ்வொரு தலைமுறையும் தான் பிறந்தபோது இருந்ததையே முழுமை என்று எடுத்துக்கொள்கிறது, தேய்மானம் கண்ணில் படுவதே இல்லை. குறிஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். புல்வெளிச் சரிவில் வளரும் செடி. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும். 2018இல் பிறந்த குழந்தை தன் 12ஆம் வயதில்தான் அதை நினைவறிந்து முதன்முதலாகப் பார்க்கும். எவ்வளவு மலையில் நீலம் படர்ந்திருக்க வேண்டும் என்பதை அதற்கு யார் சொல்வது?

ஓவியம் சொல்லலாம். செண்பகனூருக்கு அந்த உரிமை மற்ற ஊர்களைவிட அதிகம். இயேசு சபையினர் 1895இல் இங்கே திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அதனோடு இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் வளர்ந்தது. இங்கே வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் லூயி ஆங்கிலாட், மலையின் செடிகளை ஒவ்வொன்றாக நீர்வண்ணத்தில் வரைந்து வைத்தார். நியூட்டன் பாதிரியாரோடு சேர்ந்து பழனி மலையின் கல்திட்டைகளையும் அளந்து, வரைந்து, 1928இல் நூலாக்கினார். இயேசு சபையின் மதுரை மிஷன் ஆவணக்காப்பகமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. சற்று மேலே, கொடைக்கானல் வானாய்வகத்தில், சூரியனின் கரும்புள்ளிகளைக் கையால் வரையும் பழக்கம் 1904இல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் நீடித்தது. ஒரே பொருளை, ஒரே இடத்திலிருந்து, தேதி போட்டுத் திரும்பத் திரும்ப வரைவது என்ற ஒழுக்கம் இந்த மலையில் ஏற்கனவே வேரூன்றியிருக்கிறது. மேலே சொன்ன புல்வெளி ஆய்வின் ஆசிரியர்களிலும் கறுப்பு வெள்ளை ஒளிப்படக் கலைஞரான இயன் லாக்வுட் இருக்கிறார், வட்டக்கானலில் சோலை மரங்களையும் புல்லையும் மீட்டு வளர்த்த ராபர்ட் ஸ்டூவர்ட் இருக்கிறார். கலைஞரும் அறிவியலாளரும் நாற்றுவளர்ப்பவரும் ஒரே கட்டுரையில் கையெழுத்திட்ட இடம் இது.

அதனால் குழந்தையையும் காலநிலையையும் கரியில் எழுத ஏற்ற ஊர் இதுவே என்று சொல்கிறேன். பைன் தோட்டத்தின் முன் நிற்கும் குழந்தையை வரையலாம். அதற்கு முன் அதே தாளில் புல்மேட்டை வரைந்து, அழித்து, அந்தச் சாம்பல் தடத்தின் மேல் பைன் மரங்களை நிறுத்தலாம். குழந்தை பார்க்காததைப் பார்ப்பவர் பார்ப்பார். அழுமூஞ்சி தேவையில்லை. படத்தின் கீழே ஊரும் ஆண்டும், சித்தபிரசாத் எழுதியதைப் போல யார் என்ன செய்தார்கள் என்பதும் இருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று உண்டு, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இதுவரை சொன்ன படங்கள் எல்லாம் பெரியவர்கள் குழந்தையை வரைந்தவை. குழந்தை வரைந்தால்? 2007இல் சாட் நாட்டு முகாம்களில் டார்ஃபூர் அகதிக் குழந்தைகள் வரைந்த 500 படங்களை ‘வேஜிங் பீஸ்’ என்ற அமைப்பு சேகரித்தது. எரியும் குடிசையும் விமானமும் துப்பாக்கிக்காரர்களும் அவற்றில் இருந்தன. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அவற்றைச் சூழல் விளக்கும் சான்றாக ஏற்றுக்கொண்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகை, கடலூர்க் கரையிலும் குழந்தைகளை வரையவைத்தார்கள், அச்சத்தை ஆற்றும் மருந்தாக. அந்தப் படங்களை ஆவணமாக நாம் மதித்தோமா என்பது வேறு. 2023 ஆகஸ்டில் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு, குழந்தையின் உரிமைகளையும் காலநிலையையும் இணைத்து 26ஆம் பொதுக் கருத்துரையை வெளியிட்டது. அதற்கு 121 நாடுகளிலிருந்து 16,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கருத்து அனுப்பினார்கள். குழந்தை இந்த விஷயத்தில் வெறும் முகம் அல்ல, பேசத் தெரிந்த தரப்பு என்பதை உலக அமைப்பே ஒப்புக்கொண்டுவிட்டது. ஓவிய உலகம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்பது என் முடிவு.

கொடைக்கானல், செண்பகனூர், பூம்பாறை, வத்தலக்குண்டு, பழனிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கையில் கரித்துண்டு கொடுங்கள். வகுப்பறை ஜன்னலில் தெரியும் ஒரே சரிவை, ஒரே ஓடையை, ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்றும் ஐப்பசி மழைக்குப் பின் ஒன்றுமாக வரையச் சொல்லுங்கள். தேதி போடுங்கள், தாளை எறிந்துவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேட்டுவந்து அதையும் வரையச் சொல்லுங்கள். ஆங்கிலாட்டின் செடிப் படங்களைக் காக்கும் நிறுவனத்தார் அவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் அருகிருந்து பார்க்க வழிசெய்ய வேண்டும். காலநிலையைப் பற்றி வரையும் ஓவியர்கள் ஒரு மாதமாவது இந்த மலையில் தங்கி, பிள்ளைகளை வரைவதற்கு முன் பிள்ளைகளோடு சேர்ந்து வரைய வேண்டும். அடுத்த குறிஞ்சி 2030இல். அதற்குள் சில ஆண்டுகளின் தாள்களாவது நம்மிடம் சேர்ந்திருக்க வேண்டும்.